ஹாம்லெட்டுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டியவர்

கோலா கெத்தில் என்னும் ஊர்ப்பெயரின் முதற்பகுதி ஆறு வந்து சேரும் முகத்துவாரத்தைக் குறிக்கும் மலாய்ச் சொல்லாகும். கெத்தில் ஆறு மூடா ஆற்றோடு கலக்கும் அந்த இடத்தைச் சுற்றிலும், கூலிம், சுங்கைப்பட்டாணி வட்டாரங்களிலும் ஒரு காலத்தில் எங்குப் பார்த்தாலும் ரப்பர்த் தோட்டங்களே இருந்தன. விடிவதற்கு முன்பே பால்மரம் வெட்டப் புறப்பட்ட தோட்டத்து இளைஞர்கள், திருவிழாக் காலம் நெருங்கினால் மாலையில் ஒன்றுகூடி நாடக ஒத்திகை நடத்துவார்கள். மீசை அரும்பாத பையன் ஒருவன் அரசியாக வேடம் கட்டுவான். திருவிழா இரவில் லயத்து வீடுகளிலிருந்து பாட்டி முதல் கைக்குழந்தை வரை அனைவரும் பாயோடு வந்து மேடைக்கு முன் இடம்பிடித்து அமர்வார்கள். நடித்தவர் யாருக்கும் சம்பளம் கிடையாது. மறுநாள் காலையில் அரசனும் மந்திரியும் மீண்டும் மரம் வெட்டப் போய்விடுவார்கள்.

பிழைப்புக்காக அல்லாமல் ஆசைக்காக நாடகம் ஆடுபவர்களைப் பயில்முறை நடிகர்கள் என்பர். குடும்பத்தோடு அமர்ந்து நாடகம் பார்ப்பதும், வீட்டுப் பிள்ளை மேடையேறுவதும் இயல்பான செயல்கள் என்றே இன்று நாம் கருதுகிறோம். சென்னையில் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பு நிலைமை அப்படி இருக்கவில்லை. நாடகம் ஆடுபவரைக் கூத்தாடி என்று இழிவாகப் பேசினர். படித்த குடும்பத்துப் பிள்ளை முகத்தில் அரிதாரம் பூசினால் குடும்பத்திற்கே தலைக்குனிவு என்று எண்ணினர். அந்த எண்ணத்தை மாற்றுவதில் பெரும்பங்கு கொண்டவர் பம்மல் சம்பந்த முதலியார். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டித் தமிழ் மேடையில் நடமாட விட்டவரும் அவரே.

சம்பந்த முதலியார் 1873ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் சென்னையில் பிறந்தார். பம்மல் என்பது பல்லாவரத்தை அடுத்துள்ள ஊர். குடும்பத்தின் பூர்வீகம் அது. தந்தை விஜயரங்க முதலியார் தமிழாசிரியராக இருந்து, பின்னர்ப் பள்ளிகளைப் பார்வையிடும் அதிகாரியானவர். தமிழ் நூல்களை அச்சிட்டு வெளியிடுவதிலும் அவர் ஈடுபட்டிருந்தார். தாயார் மாணிக்கவேலு அம்மாள். நூல்கள் நிறைந்த வீட்டில் வளர்ந்ததால், சம்பந்தம் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தார். பள்ளியிலும் பின்னர் மாநிலக் கல்லூரியிலும் ஆங்கிலம் பயின்றார்.

அக்காலத்தில் ஆங்கிலக் கல்வி என்றாலே ஷேக்ஸ்பியர் என்று சொல்லிவிடலாம். பட்டப்படிப்புத் தேர்வுக்கு அவருடைய நாடகங்களைப் பாடமாக வைத்தார்கள். வரிக்கு வரி பொருள் எழுதுவதும், முக்கியமான பகுதிகளை மனப்பாடம் செய்வதும் மாணவர்களின் வேலையாக இருந்தன. நடிப்பதற்காக எழுதப்பட்ட நாடகம் நோட்டுப் புத்தகத்திற்குள் அடைபட்டுக் கிடந்தது. ஆங்கிலம் அறியாத தாய்க்கோ தங்கைக்கோ அந்தக் கதை எட்டவில்லை. வீட்டில் ஒருவர் மட்டும் ஹாம்லெட்டை அறிவார். மற்றவர்களுக்கு அது அவருடைய தேர்வுக்குரிய ஏதோ ஒரு புத்தகம், அவ்வளவுதான்.

மறுபுறம், தமிழ் நாடகங்கள் தெருவிலும் கொட்டகையிலும் இரவு முழுவதும் நடந்தன. அவற்றில் பாட்டு மிகுதி, உரையாடல் குறைவு. இளம் சம்பந்தத்திற்கு அவை சிறிதும் பிடிக்கவில்லை. பிற்காலத்தில் தமிழ் நாடகத் தந்தை என்று போற்றப்பட்டவர் பதினெட்டு வயது வரை தமிழ் நாடகத்தை வெறுத்தவர் என்பது வியப்பான செய்தி. அந்த வெறுப்பு முற்றிலும் நியாயமானது என்றும் கூறிவிட முடியாது. இரவெல்லாம் பாடி ஆடிய அந்தக் கலைஞர்களே தலைமுறை தலைமுறையாகக் கதையையும் இசையையும் மக்களிடம் காத்து வைத்திருந்தனர். ஆங்கிலம் படித்த இளைஞருக்கு அதன் அருமை அப்போது தெரியவில்லை.

1891ஆம் ஆண்டு பெல்லாரியிலிருந்து ஒரு நாடகக் குழு சென்னைக்கு வந்தது. சரச விநோதினி சபை என்பது அதன் பெயர். சென்ட்ரல் ரயில் நிலையத்திற்கு அருகில், செந்நிறச் சுவர்களோடு புதிதாக எழுந்திருந்த விக்டோரியா பொது மண்டபத்தில் அக்குழு தெலுங்கு நாடகங்களை நடத்தியது. சம்பந்தமும் போய்ப் பார்த்தார். குழுவின் தலைவர் தர்மவரம் இராமகிருஷ்ணமாச்சார்யுலு. அவரைத் தமிழர்கள் கிருஷ்ணமாச்சார்லு என்று அழைத்தனர். அவரே நாடகத்தை எழுதினார், அவரே முதன்மை வேடத்தில் நடித்தார். அதையெல்லாம்விட மாணவர் சம்பந்தத்தை ஆட்கொண்ட செய்தி வேறு ஒன்று உண்டு. மேடையில் நின்ற அந்த மனிதர் ஒரு வழக்கறிஞர்!

படித்தவர், ஊரில் மதிக்கப்படுபவர், வெட்கப்படாமல் மேடையேறி நடிக்கிறார். மண்டபத்தில் இருந்த மதிப்புமிக்கவர்கள் அதைப் பார்த்து மகிழ்கிறார்கள். தெலுங்கில் முடிந்த செயல் தமிழில் ஏன் முடியாது என்னும் கேள்வி அவர் மனத்தில் எழுந்தது. வெளியூரிலிருந்து வந்த குழு ஊர் திரும்பியது. கேள்வி மட்டும் சென்னையில் தங்கிவிட்டது.

அதே ஆண்டு ஜூலை முதல் நாள், நண்பர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு அவர் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். சபை என்று பெயர் சூட்டுவது எளிது. அதை நடத்த நாடகம் வேண்டும், நடிகர் வேண்டும், உடை, திரை, விளக்கு, வாடகை எல்லாம் வேண்டும். நடிக்கத் தகுந்த தமிழ் உரைநடை நாடகங்கள் அப்போது மிக அரிது. ஆகவே சம்பந்தமே எழுதத் தொடங்கினார். புஷ்பவல்லி என்னும் அவருடைய நாடகம் 1893ஆம் ஆண்டு மேடையேறியது. மனோகரா 1895ஆம் ஆண்டு வந்தது. அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு.

மனோகரா வழிநூல் அன்று. சம்பந்தம் சொந்தமாகப் புனைந்தது. ஆனாலும் அதைப் படிப்பவர்களுக்கு ஹாம்லெட்டின் நினைவு வராமல் போகாது. இரண்டிலும் தந்தையின் அரண்மனையில் நேர்ந்த அநீதியைக் கண்டு கொதிக்கும் இளவரசன் இருக்கிறான். இரண்டிலும் பழி தீர்க்க எழும் கை தடைபடுகிறது. தடுப்பது எது என்பதில்தான் வேறுபாடு. ஹாம்லெட்டைத் தடுப்பது அவனுடைய சொந்த மனம். ஐயமும் சிந்தனையும் அவன் வாளைப் பிடித்து நிறுத்துகின்றன. மனோகரனைத் தடுப்பதோ தாய் பத்மாவதிக்கு அவன் கொடுத்த வாக்கு. தாயின் சொல்லுக்காகப் பொறுத்திருந்த மகன் ஒரு கட்டத்தில் சங்கிலியை அறுத்துக்கொண்டு எழுகிறான். தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தப் பொறுமையும் இந்தச் சீற்றமும் உடனே புரிந்தன. சபை எத்தனை நாடகங்களை அரங்கேற்றினாலும், மக்கள் மீண்டும் மீண்டும் கேட்டு வாங்கிப் பார்த்தது மனோகராவைத்தான்.

பின்னாளில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களையே தமிழாக்கும் பணியில் அவர் இறங்கினார். அவருக்கு முன்பும் வெனிஸ் வணிகனின் கதையைத் தமிழில் தந்தவர்கள் உண்டு. அவர்களில் பலர் படிப்பவரை மனத்தில் வைத்து எழுதினார்கள். சம்பந்தமோ தாமே நடிகர் என்பதால், நடிகனின் வாயில் எந்த வாக்கியம் நிற்கும், எந்த வாக்கியம் தடுக்கும் என்பதை அறிந்தவர். பார்வையாளருள் ஆங்கிலம் அறியாதவர் பாதிப்பேராவது இருப்பர் என்பதும் அவருக்குத் தெரியும். டென்மார்க் நாடு, எல்சினோர் கோட்டை, ஹொரேஷியோ என்றெல்லாம் மேடையில் சொன்னால் அவர்கள் பெயர்களிலேயே சிக்கிக்கொள்வார்கள். கதை நெஞ்சைத் தொடுவதற்குள் திரை விழுந்துவிடும்.

ஆகவே பெயர்களிலிருந்தே வேலை தொடங்கியது. ஹாம்லெட் அமலாதித்யன் ஆனான். ஒலியிலும் பொருந்தி வரும். மாசற்ற கதிரவன் என்னும் பொருளும் அந்த இளவரசனுக்குத் தகும். தந்தையை இழந்து, காதலனால் ஒதுக்கப்பட்டு, மனம் பேதலித்து நீரில் மூழ்கும் ஒஃபீலியாவுக்கு அபலை என்று பெயரிட்டார். இதைவிடச் சிறப்பாக அவள் கதையை மூன்றெழுத்தில் சொல்வது கடினம். மாக்பெத் மகபதி ஆனான். பிரிட்டன் தீவின் அரசனான சிம்பலின் சிம்ஹளநாதன் என்று பெயர் பெற்றான். பெயரின் ஒலியும் கெடவில்லை, தீவின் அரசன் தீவின் அரசனாகவே இருந்தான். வெனிஸ் வணிகன் வாணீபுர வணிகன் ஆயிற்று. நீங்கள் விரும்பியபடியே என்று பொருள்படும் தலைப்பைக் கொண்ட இன்ப நாடகம் விரும்பிய விதமே என்று மாறியது.

பெயரை மாற்றுவது எளிய பகுதி. கதையில் உள்ள நெருடலை என்ன செய்வது? ஹாம்லெட் நாடகத்தில் கணவன் இறந்து இரண்டு திங்கள் நிறைவதற்குள் அரசி அவனுடைய தம்பியை மணந்துகொள்கிறாள். கைம்பெண் மறுமணத்தை அனுமதிக்கும் சட்டம் இந்தியாவில் 1856ஆம் ஆண்டே வந்துவிட்டது. ஆனால் சட்டம் வந்து அரை நூற்றாண்டு சென்ற பின்னும், சென்னையின் மதிப்புமிக்க குடும்பங்களில் அத்தகைய மணம் நடந்தால் ஊரே பேசும். அப்படிப்பட்ட பார்வையாளரின் முன், அரசி ஒருத்தி கொழுந்தனை மணப்பதைக் காட்ட வேண்டியிருந்தது. அதை நீக்கிவிட்டால் நாடகம் எளிதாகிவிடும். ஆனால் இளவரசன் ஏன் உறக்கமின்றித் தவிக்கிறான் என்பதே விளங்காமல் போகும். சம்பந்தம் கதையின் முடிச்சை அவிழ்த்து எறியவில்லை. மூலத்தை ஒட்டியே நடந்தார்.

இதில் ஓர் எதிர்பாராத நன்மையும் இருந்தது. இலண்டனில் இருப்பவருக்கு அரசியின் மறுமணம் அவசரமான செயல் என்று மட்டும் தோன்றலாம். தமிழ்ப் பார்வையாளருக்கோ அது பேரதிர்ச்சி. ஹாம்லெட்டின் மனத்தில் பொங்கும் அருவருப்பை அவர்கள் எவ்வித விளக்கமும் இல்லாமல் உணர்ந்திருப்பர். தந்தையின் ஆவி தோன்றித் தன்னைக் கொன்றவனைக் காட்டிக்கொடுப்பதும், ஆவிக் கதைகள் கேட்டு வளர்ந்த மக்களுக்குப் புதியதன்று. வேற்று நாட்டுக் கதை சில இடங்களில் சொந்த நாட்டிலேயே நன்றாகப் புரிந்துகொள்ளப்பட்டது என்று சொன்னால் தவறில்லை.

வாணீபுர வணிகனில் வேறொரு வசதி அமைந்தது. பொன், வெள்ளி, ஈயம் ஆகிய மூன்று பேழைகளுள் சரியான ஒன்றைத் தேர்ந்தெடுப்பவனே மணமகன் என்பது அந்தக் கதையின் ஒரு கிளை. வில்லை முறித்தும் குறியை அடித்தும் மாலை பெறும் சுயம்வரக் கதைகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. கடனுக்கு ஈடாக ஒரு ராத்தல் சதையைக் கேட்கும் வழக்கு மன்றக் காட்சியைத் தமிழாக்கியவர் பகலில் உண்மையான நீதிமன்றத்தில் வாதாடியவர் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். சட்டம் பயின்ற சம்பந்தம் வழக்கறிஞராகத் தொழில் செய்துகொண்டே நாடகம் எழுதினார். 1924ஆம் ஆண்டு சென்னைச் சிறுவழக்கு நீதிமன்றத்தின் நீதிபதியாகி, 1928ஆம் ஆண்டு வரை அப்பதவியில் இருந்தார். கூத்தாடி என்று ஏசப்பட்ட தொழிலை ஒரு வழக்கறிஞரும் செய்யலாம் என்று பெல்லாரிக் குழுவைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் உயர்ந்த பின்னும் நாடகத்தை விடவில்லை.

சுகுண விலாச சபையில் பெண்கள் நடிக்கவில்லை. பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்றனர். அவர்களுள் ரங்கவடிவேலு முதலியார் மிகவும் புகழ்பெற்றவர். சம்பந்தம் நாயகனாகவும் ரங்கவடிவேலு நாயகியாகவும் நடித்த நாடகங்களைக் காணச் சென்னை மக்கள் திரண்டனர். இருவருக்கும் மேடைக்கு வெளியேயும் ஆழ்ந்த நட்பு நிலவியது. இந்த வழக்கம் ஷேக்ஸ்பியரின் காலத்திலும் இருந்ததே. அவர் 1616ஆம் ஆண்டு இறக்கும்வரை ஆங்கில மேடையில் பெண் வேடங்களைச் சிறுவர்களே புனைந்தனர். 1660க்குப் பிறகுதான் அங்கே தொழில்முறை நடிகையர் மேடையேறினர். விரும்பிய விதமே நாடகத்தின் மூலக் கதையில் நாயகி ஆண் வேடமிட்டுக் காட்டுக்குள் போகிறாள். அங்கே காதலனிடம் விளையாட்டாகத் தானே பெண்ணாக நடிக்கிறாள். சென்னை மேடையில் அது எப்படி இருந்திருக்கும்? பெண்ணாக வேடமிட்ட ஓர் ஆண், ஆணாக மாறி, மறுபடியும் பெண்ணாக நடிக்க வேண்டும். ஷேக்ஸ்பியர் எந்த வேடிக்கையை எண்ணி எழுதினாரோ, அது முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் தமிழில் அப்படியே கிடைத்தது. ஆயினும் பெண்ணின் துயரத்தைப் பெண்ணே மேடையில் சொல்ல முடியாத நிலை ஒரு குறைதான். மதிப்புமிக்க குடும்பத்து ஆண்களுக்கு மேடையைத் திறந்துவிட்ட சபை பெண்களுக்கு அதைத் திறக்கவில்லை.

நல்ல குடும்பத்து ஆண்கள் வந்தார்கள் என்பது உண்மை. வழக்கறிஞர்களும் அலுவலர்களும் மாணவர்களும் சபையில் சேர்ந்தனர். விடுதலைப் போராட்டத் தலைவர் சத்தியமூர்த்தி அம்மேடையில் நடித்தவர். சபையின் நாடகங்கள் சில மணி நேரத்தில் முடிந்தன; விடிய விடிய விழித்திருக்க வேண்டியதில்லை. பாட்டைவிட உரையாடல் முன்னே நின்றது. தந்தை தம் பிள்ளைகளோடு வந்து பார்த்துவிட்டு வீடு திரும்பும் பொழுதுபோக்காக நாடகம் மெல்ல மாறியது. தமிழ் மட்டுமின்றித் தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் முதலிய மொழிகளிலும் சபை நாடகங்களை நடத்தியது.

அதே காலத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் தொழில்முறைக் குழுக்களுக்காகப் பாடலும் உரையாடலுமாக நாடகங்களை எழுதிக் குவித்துக்கொண்டிருந்தார். ரோமியோ ஜூலியட்டின் கதை அவர் கையிலும் தமிழ் நாடகமானது. ஆகவே ஷேக்ஸ்பியரைத் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்த பெருமை ஒருவருக்கே உரியதன்று. சம்பந்தம் படித்தவர்களை மேடைக்கு அழைத்தார். சுவாமிகள் மேடையில் வாழ்ந்தவர்களுக்குப் புதிய நாடகங்களைக் கொடுத்தார்.

நாடகம் ஊரூராகப் போகும் கலை. சுகுண விலாச சபையும் சென்னைக்குள் அடங்கி இருக்கவில்லை. உடைப் பெட்டிகளையும் திரைகளையும் ஏற்றிக்கொண்டு இரயிலில் பெங்களூருக்குப் போனது. பின்னர்க் கடலைக் கடந்து இலங்கைக்கும் போனது. அலுவலகத்தில் விடுப்புப் பெற்றுக்கொண்டு, கைப்பணத்தைச் செலவழித்து இவ்வாறு பயணம் செய்தவர்கள் எவரும் நாடகத்தால் வயிறு வளர்த்தவர்கள் அல்லர்.

இலங்கைப் பயணங்கள் நல்ல பலன் தந்தன. சம்பந்த முதலியாரின் நடிப்பால் ஈர்க்கப்பட்டவர்களுள் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சொர்ணலிங்கம் ஒருவர். பின்னாளில் கலையரசு என்று சிறப்பிக்கப்பட்டவர். அவர் சம்பந்த முதலியாரைத் தம் குருவாகக் கொண்டார். கொழும்பில் இலங்கை சுபோத விலாச சபை என்னும் பயில்முறைக் குழு உருவாகக் காரணமாக இருந்தார். அந்தச் சபையின் பெயரிலேயே சென்னைச் சபையின் எதிரொலி கேட்கிறது. சம்பந்த முதலியாரின் நாடகங்களை அவர்கள் இலங்கையில் நடித்தனர். ஷேக்ஸ்பியரின் தமிழ்க் கதைமாந்தர்களும் அவர்களோடு மேடையேறினர். 1891ஆம் ஆண்டு வெளியூர்க் குழு ஒன்றைப் பார்த்து ஒரு மாணவர் மாறினார். அவருடைய குழு வெளிநாட்டுக்குப் போனபோது அங்கும் ஓர் இளைஞர் மாறினார்.

வங்கக் கடலின் இந்தக் கரையிலும் ஷேக்ஸ்பியர் இதே போன்ற ஒரு வழியில்தான் வந்து சேர்ந்தார். பம்பாயிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுக்கள் பினாங்கில் இந்துஸ்தானி மொழியில் நாடகம் நடத்தின. உள்ளூர் மக்கள் அதை வாயாங் பார்சி என்று அழைத்தார்கள். அதைப் பார்த்துப் பழகியவர்கள் மலாய் மொழியில் தாங்களே ஆடத் தொடங்கினர். பினாங்கில் 1885ஆம் ஆண்டு மாமாக் பூசி என்பவர் அமைத்த குழு பங்சாவான் எனப்படும் அந்த நாடகக் கலையின் தொடக்கக் காலக் குழுக்களுள் ஒன்று. பங்சாவான் குழுக்கள் தீபகற்பம் முழுவதும் ஊர்விட்டு ஊர் சென்றன. அரபுக் கதை, இந்தியக் கதை, சீனக் கதை ஆகியவற்றோடு ஹாம்லெட்டும் வெனிஸ் வணிகனும் அவர்களிடம் இருந்தன. மலாய்க்காரர், சீனர், இந்தியர் என எல்லாருமே அந்தக் கொட்டகையில் அருகருகே அமர்ந்து பார்த்தனர். சென்னையில் ஹாம்லெட் தமிழ் பேசிய அதே தலைமுறையில், பினாங்கில் அவன் மலாய் பேசிக்கொண்டிருந்தான். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிக் கெடாவின் தோட்டங்களுக்குப் போன தமிழர்களின் பாதை அந்தக் கொட்டகைகளுக்கு வெகுதொலைவில் இல்லை.

பேசும் படம் வந்தபோது சம்பந்த முதலியார் அறுபது வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். மேடைக்காரர்கள் பலர் திரைப்படத்தை ஐயத்தோடு பார்த்தனர்; அவர் ஒதுங்கி நிற்கவில்லை. மனோகரா 1936ஆம் ஆண்டு திரைப்படமானது. இளமையில் மேடையில் மனோகரனாகச் சங்கிலியை அறுத்தவர் படத்தில் தந்தை புருஷோத்தம அரசனாக நடித்தார். அநீதி செய்த அரசனின் வேடத்தை முதுமையில் ஏற்றது நடிகருக்கு நல்ல சோதனையாக இருந்திருக்கும். அவருடைய சபாபதி என்னும் நகைச்சுவை நாடகம் 1941ஆம் ஆண்டு படமாக வெளிவந்தது. அசட்டுத்தனம் மிகுந்த இளம் ஜமீன்தாரும் அதே பெயரும் அதே அசட்டுத்தனமும் கொண்ட வேலைக்காரனும் அடிக்கும் கூத்தை இன்றும் விரும்பிப் பார்ப்பவர்கள் உண்டு. மனோகரா 1954ஆம் ஆண்டு மீண்டும் படமாக்கப்பட்டது. அதில் சிவாஜி கணேசன் மனோகரனாகவும் கண்ணாம்பா தாயாகவும் நடித்தனர். கலைஞர் மு. கருணாநிதி திரைக்கதை வசனம் எழுதினார். 1895ஆம் ஆண்டு ஒரு மாணவப் பருவம் மாறாத இளைஞர் எழுதிய கதையில், அறுபது ஆண்டுகள் சென்ற பின்னும் தாயின் சொல்லுக்கு மகன் கட்டுப்பட்டு நின்றான்.

எண்பதுக்கும் மேற்பட்ட நாடகங்களைச் சம்பந்த முதலியார் எழுதினார். அவற்றுள் சில இன்று படிக்கச் சற்றுப் பழையனவாகத் தோன்றும். வடசொற்கள் மிகுந்த நடை இக்காலத்து மாணவரைத் தயங்க வைக்கும். ஆனால் அவருடைய நாடக மேடை நினைவுகள் என்னும் ஆறு பகுதிகள் கொண்ட தன்வரலாற்று நூல் அப்படியன்று. ஒத்திகைகள், பயணங்கள், மேடையில் நேர்ந்த தவறுகள், நண்பர்களின் பிரிவு என ஒரு நாடகக்காரரின் வாழ்க்கை அதில் ஒளிவுமறைவின்றிக் காணக் கிடைக்கிறது. தமிழ் நாடகத்தின் வரலாற்றை எழுதுவோர் இன்றும் முதலில் எடுப்பது அந்த நூலைத்தான்.

1959ஆம் ஆண்டு இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. அதே ஆண்டு சங்கீத நாடக அகாடமியும் அவரைச் சிறப்பித்தது. கூத்தாடி என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்தவருக்கு அப்போது வயது எண்பத்தாறு. 1964ஆம் ஆண்டு செப்டம்பர் 24ஆம் நாள் சென்னையில் அவர் காலமானார். ஷேக்ஸ்பியர் பிறந்து நானூறு ஆண்டுகள் நிறைந்ததை உலக நாடுகள் கொண்டாடிக்கொண்டிருந்த ஆண்டு அது.